பக்கத்தில் ஒரு கிண்ணம்

எந்தச் சேதியைக் கொண்டுபோனாலும் எங்கள் தங்கச் சுரங்கக் கேம்ப் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் முதலில் கேட்பது ஒன்றுதான். "பக்கத்துல ஒண்ணு வெச்சிப் பாத்தியா?"

தாயத்துக் கட்டினேன், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது என்று ஒருவன் சந்தோஷமாக வந்து சொல்லுவான். "கட்டாதவனுக்கு எத்தினி நாள்ல உட்டுச்சி?" என்பார். என் பெண்டாட்டி மாதிரி கருவாட்டுக் குழம்பு வைக்க இந்தத் தங்க வயலிலேயே ஆள் கிடையாது என்று பம்பு ரூமில் ஒருவன் பீற்றிக்கொண்டான். மருந்து சீசாவோடு அந்தப் பக்கம் வந்த இவர் நின்று, அதே முகத்தோடு, "பக்கத்து வூட்டுக் குழம்ப சாப்ட்டிருக்கியா?" என்றார். அவன் அடிக்கப் பாய்ந்துவிட்டான். நாங்கள் நாலு பேர் பிடித்து நிறுத்தினோம். இவருக்கு அவன் ஏன் பாய்கிறான் என்றே விளங்கவில்லை. கேலி பேசுகிற மனிதரல்ல அவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒத்தையா நிக்கிற மரம் நெட்டையா குட்டையான்னு யாருக்குப்பா தெரியும்?" இது அவர் சொலவடை. வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவரும் எங்களைப் போல வட ஆற்காட்டுப் பக்கத்துக்காரர்தான். வேலூர்ப் பக்கம் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் சீசா கழுவிக் கழுவியே மருந்து கலக்கக் கற்றுக்கொண்டவர். ஒல்லியான ஆள். எப்போதும் ஓம வாசனை அடிக்கும். அவர் வருவது தெரிவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் செம்பு வாலை ஒன்று வைத்து ஓமத்தைத் தண்ணீரோடு காய்ச்சி எண்ணெய் வடிப்பார். பூதிகோட்டையிலிருந்து இரண்டு பெண்கள் ஓமம் கொண்டுவந்து போடுவார்கள். இரண்டையும் கலக்கவே மாட்டார். தனித்தனியாக வடித்து, தனித்தனிச் சீசாவில் அடைத்து, எது காரம் என்று நாக்கில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாலையைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கள்ளச் சாராயம் பிடிக்கிற பியூன் ஒருவன் ஒருநாள் பாய்ந்து வந்து, நான் இதையெல்லாம் பார்த்தவன் என்கிற தோரணையில் குழாயடியில் சொட்டியதைக் கையில் ஏந்தி ஒரே வாயாக உறிஞ்சிவிட்டான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. மூச்சு திரும்பியதும் அவன் சொன்னது: "ஐயா, இத்த ஊருக்கெல்லாம் ஊத்துங்க. ஒருத்தனும் அப்பால சாராயத்த தொடமாட்டான்."

வீட்டிலும் இதே கூத்துதான். ஜன்னலோரம் ஆட்டுக்கால் சூப்பு இரண்டு சட்டியில் மூடி இருக்கும். ஒன்றில் இரண்டு சொட்டு ஓம எண்ணெய், இன்னொன்றில் ஒன்றுமில்லை. சூப்பு தானாகக் கெடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கெடுக்கின்றன என்று துரை டாக்டர் அவருக்குச் சொல்லி, பூதக்கண்ணாடியிலும் காட்டியிருந்தார். எண்ணெய் அந்தப் பூச்சியை நிறுத்துமா என்று இவர் பார்க்கிறாராம். கம்பவுண்டரம்மா என்னிடம் சொன்னார்: "எங்க வூட்ல எப்பவும் ரெண்டு சட்டிண்ணா. ஒண்ணு துன்றதுக்கு, ஒண்ணு நாறுறதுக்கு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூணு. நாறாம இருக்கறத உட்டுட்ட."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாததும் உண்டு. பிளேக் வந்த வருஷம் நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் எங்கள் லைன் முழுக்க வேப்பிலைப் புகை போட்டோம். எங்கள் லைனில் ஒரு சாவும் விழவில்லை. ஜனங்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர் வந்து, "புகை போடாத லைன் எது?" என்று கேட்டார். ஓடைக்கு அந்தப் பக்கத்து லைன் என்றார்கள். நடந்து போய் வீடு வீடாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "அங்கயும் யாரும் சாவல" என்றார். அவ்வளவுதான். அந்த நாளில் எங்களிடம் இருந்த ஒரே தைரியம் அந்தப் புகை. அதையும் பிடுங்கிக்கொண்டார். கருநாக்கு என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நானும் அன்று அவரோடு பேசவில்லை.

பிறகு முனுசாமிக்கு உடம்புக்கு வந்தது. முனுசாமி என் தம்பி, எனக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். நான் சுரங்கத்துக்குக் கீழே தண்ணீர் இறைக்கிற பம்பு பார்க்கிறவன், அவன் அதே ஆழத்து லெவலில் கல் அள்ளிப் போடுகிறவன். இருபத்திரண்டு வயது. இரண்டு ஆள் தூக்குகிற மரத்தை ஒருவனாகத் தூக்குவான். அப்படிப்பட்டவன் ஏணியில் பத்துப் படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான். நகம் வெளுத்தது, கால் வீங்கியது. சுவரைச் சுரண்டி மண் தின்கிறான் என்று அம்மா அழுதாள். சுரங்கக் காற்று அடித்துவிட்டது என்றார்கள். கோழி அறுத்தோம், கயிறு மந்திரித்தோம்.

கம்பவுண்டர் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "காத்து இல்லப்பா. புழு. தையல் நூலத் துண்டு போட்டா மாதிரி இருக்கும். கொடல்ல பல்லு வெச்சி ரத்தத்தக் குடிக்குது. லெவல்ல அசிங்கம் பண்ற எடத்துல வெறுங்காலோட நிக்கறீங்களே, அங்கேந்து ஏறுதுன்னு துரை சொல்றாரு."

அதற்குச் சீமையிலிருந்து வெள்ளைப் படிகம் ஒன்று சீசாவில் வரும். வருவது கொஞ்சம், வெள்ளைக்காரத் தொழிலாளிகளுக்கே போதாது. கம்பவுண்டர் அந்தச் சீசாவைத் திறந்து மோந்து பார்த்த அன்றே கண்டுபிடித்துவிட்டார். "இது நம்ம ஓமம்ப்பா! கப்பல் ஏறிப் போயி, சட்டை மாட்டிக்கினு திரும்பி வந்து, நம்மளையே யாருன்னு கேக்குது."

நம் ஓம எண்ணெயையே கொடுத்தால் என்ன என்று டாக்டரிடம் போய் நின்றார். கிண்ணத்தில் புழுவைக் கொன்று காட்டு, பிறகு பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அது கேட்டு எங்கள் வீட்டில் விளக்கேற்றினோம்.

புழு எங்கே கிடைக்கும்? ஆஸ்பத்திரியில் யாராவது இறந்து, டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் உயிரோடு கிடைக்கும். மார்கழியில் அப்படி ஒரு சாவு விழுந்தது. வெந்நீரில் உப்புக் கரைத்து இரண்டு கிண்ணம், இரண்டிலும் பத்துப் பத்துப் புழு, ஒன்றில் மட்டும் எண்ணெய். காலையில் டாக்டர் வந்து பார்த்தார். எண்ணெய்க் கிண்ணத்தில் அத்தனையும் செத்துக் கிடந்தன. டாக்டர் முகம் மலர்ந்தது. வாசலில் நின்ற நான் சாமி கும்பிட்டேன்.

"பக்கத்துல இருக்கறதும் செத்துப்போச்சிங்க தொரை" என்றார் கம்பவுண்டர்.

எனக்கு அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம்போல இருந்தது. டாக்டர் போனதும், "இன்னாத்துக்குய்யா அந்தக் கிண்ணத்தக் காட்டின?" என்று கத்தினேன்.

"குளிருல செத்திருக்குதுப்பா ரெண்டும். எண்ணெய் கொன்னுச்சா, பனி கொன்னுச்சா? உன் தம்பி வயித்துல பனி பெய்யாதே?"

அந்தக் கோபத்திலும் எனக்கு ஒன்று தோன்றியது. "வயிறு மாதிரி சூடான எடம் வேணும்னா எங்க லெவலுக்கு வா. மார்கழின்னும் கிடையாது, சித்திரைன்னும் கிடையாது. எப்பவும் வேர்வதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஏதோ அவருக்கு நான் பட்டம் கட்டிவிட்டாற்போல.

ஒரு வாரத்தில் இன்னொரு சாவு. பித்தளைச் சோற்றுக் கேரியரில் ஓர் அடுக்கில் எண்ணெய்க் கிண்ணம், இன்னொன்றில் வெறும் கிண்ணம், சுற்றிச் சாக்கு. அதைத் தூக்கிக்கொண்டு, சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜில் ஏறினேன்.

"இன்னாய்யா கேரியரு கமகமன்னு கீது? விருந்தா?" என்றான் கேஜ்காரன்.

"புழு."

"புழு உழுந்த சோறா?"

"சோறு கிடையாது. புழு மட்டும்."

"த்தூ! எங்க வூட்ல போடறதே பரவால்ல போலக்கீதே."

கீழே பம்புக்குப் பக்கத்துச் சூட்டில் வைத்தேன். ஷிப்ட் முடிகிற நேரத்தில் மெழுகுவத்தியைக் கிட்டே பிடித்துத் திறந்தேன். வெறும் கிண்ணத்தில் எல்லாம் நெளிந்தன. எண்ணெய்க் கிண்ணத்தில் ஆறு செத்திருந்தன. நாலு நெளிந்தன.

நாலே நாலு. அன்று காலையில்தான் முனுசாமி முற்றத்தில் எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே முகம் கழுவியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இந்த நாலைக் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டர் இல்லை என்றுவிடுவார். நாலையும் எடுத்து நகத்துக்கு நகம் வைத்து நசுக்கி, திரும்பக் கிண்ணத்தில் போட்டேன்.

மேலே கம்பவுண்டர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தினிப்பா?"

"நாலு."

"நாலு உசுரோட இருக்குதுன்னு நீ சொல்லியிருந்தா, எண்ணெய இன்னும் கொஞ்சம் ஏத்தணும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப உன்ன நம்பி எதையும் எழுத முடியாது. எல்லாத்தயும் கொட்டு."

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. மறுபடி புழு வேண்டுமென்றால் மறுபடி ஒருவன் சாக வேண்டும் என்பதையும் அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். முனுசாமிக்கு முகமும் வீங்கியது. பன்னிரண்டாம் நாள் சித்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் போனான். அந்தச் சாவுக்கு நான் வேண்டிக்கொண்டேனா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.

இந்தத் தடவை மூன்று கிண்ணம். ஒன்று வெறுமனே, ஒன்றில் முன்பு விட்ட அளவு, ஒன்றில் அதைவிடக் கூட. என்னிடம் மறுபடி கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதே கேரியரை என் கையில்தான் கொடுத்தார். மேலே வந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன்: வெறும் கிண்ணத்தில் ஒன்றும் சாகவில்லை, நடுக் கிண்ணத்தில் மூன்று நெளிகின்றன, கடைசிக் கிண்ணத்தில் அசைவே இல்லை. அவர் லென்ஸில் பார்த்து, "மூணுதான்" என்றார். டாக்டர் சம்மதித்தார்.

பத்துப் பேரை எடுத்தார்கள். ஐந்து பேருக்கு எண்ணெய், ஐந்து பேருக்கு ஓம வாசனை காட்டின சர்க்கரைத் தண்ணீர். பத்து நாள் கழித்து அவர்களுக்கும் எண்ணெய். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவது கம்பவுண்டரின் ஏற்பாடு. முதல் ஐந்து சீட்டு எண்ணெய். முனுசாமியை முதுகில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். பத்துப் பேரில் அவனைப்போல நலிந்தவன் யாருமில்லை. அம்மா முந்தின நாளே விளக்கெண்ணெய் வாங்கி மாடத்தில் வைத்துவிட்டாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து குடித்தால் மேலே விளக்கெண்ணெய் குடித்துக் கழுவிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் சொல்லித்தர வேண்டாம், எல்லா வீட்டிலும் உண்டு.

எனாமல் பேசினிலிருந்து கம்பவுண்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். முனுசாமி பெயர் எட்டாவதாக வந்தது.

"ஐயா, அவன் பேர மேல தூக்கிப் போட்டுடுங்க" என்றேன்.

"அப்ப சீட்டு இன்னாத்துக்குப்பா?"

"அவன் என் தம்பிங்க."

"மீதி ஒம்பது பேரும் யாருக்காவது தம்பிதான்."

"உங்க புள்ளையா இருந்தா?"

"பத்து நாளு. பத்தே நாளு" என்றார், பேசினைப் பார்த்துக்கொண்டு.

"உனக்கு ஆளுங்க வேணாம்யா. கிண்ணம்தான் வேணும்!" எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிளேக் வருஷத்தில் மண் தூற்றியது தப்பே இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் முதல் ஐந்து பேரும் வெறும் வயிற்றில் எண்ணெய் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பேதியாவதற்கு உப்பு அடுத்த நாள் வந்து வாங்கிக்கொள்ளும்படி கம்பவுண்டர் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் விழுந்தார்கள். தலை சுற்றல், குளிர்ந்த வேர்வை, கறுப்பாகச் சிறுநீர். இரண்டு பேர் எப்படியோ பிழைத்தார்கள். ட்ராலி தள்ளுகிற ஆள் ஒருவன் இரண்டாம் நாள் இறந்தான்.

கேம்பே ஆஸ்பத்திரி வாசலில் கூடிக் கத்தியது. கல் விழுந்தது. கம்பவுண்டர் அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே இறங்கி நடந்து, ஐந்து வீட்டுக்கும் போனார். ஐந்து வீட்டிலும் ஒரே கேள்வி. "எண்ணெய்க்கு அப்பால இன்னா குடுத்தீங்க?" ஒரு வீட்டில் விளக்குமாற்றால் அடித்தார்கள். அடி வாங்கிக்கொண்டு, மறுபடி கேட்டார்.

விழுந்த மூன்று பேருக்கும் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்திருந்தார்கள். விழாத இரண்டு பேரில் ஒருவன் தனிக்கட்டை, இன்னொருவனுடைய பெண்சாதி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். கொடுக்க ஆள் இல்லாததால் அந்த இரண்டு பேரும் தப்பினார்கள். குடலிலேயே தங்கிப் புழுவைக் கொல்ல வேண்டியதை, விளக்கெண்ணெய் கரைத்து ரத்தத்தில் இறக்கிவிடுகிறது என்றார் டாக்டர்.

"என் வூட்லயும் குடுத்துத்தான் வளத்தாங்க" என்றார் கம்பவுண்டர். "அத்த செய்யாதீங்கன்னு சொல்லணும்னே எனக்குத் தோணல. சோறு துன்னாதன்னு சொன்னேன், சாராயம் குடிக்காதன்னு சொன்னேன். இத்த சொல்லல."

பத்தாம் நாள் மீதி ஐந்து பேருக்கும் எண்ணெய் கொடுக்கலாமா என்று டாக்டர் தயங்கினார். அம்மா முடியாது என்று வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். முனுசாமிதான் சொன்னான். "நவுரும்மா. குடிக்காம இருந்தாலும் போவப்போறேன்." ஐந்து பேரையும் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்து, வீட்டு ஆள் ஒருவரையும் கிட்டே விடாமல், ஒரு பகலும் ஒரு இரவும் கம்பவுண்டர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உப்பு கொடுத்துப் பேதியானதும் மெல்லிய துணியில் அலசி, விழுந்த புழுக்களை அவரே எண்ணினார். ஒருவனும் விழவில்லை. ஒரு மாதத்தில் முனுசாமியின் நகத்தில் சிவப்பு வந்தது. மூன்றாம் மாதம் ஏணியில் எனக்கு முன்னால் ஏறினான்.

வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் தட்டில் வைத்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் தட்டைத் தொடவில்லை.

"அன்னிக்கு நீங்க எனக்காக விட்டுக் குடுத்திருந்தா இவன் இன்னிக்கு இல்லீங்க" என்றேன். "எங்க அம்மா விளக்கெண்ணெய் வாங்கி வெச்சிருந்தாங்க. நான் பேசின பேச்சுக்கு..."

"எடுத்துக்கினு போ."

"ஐயா..."

"நான் ஒண்ணும் காப்பாத்தலப்பா. ஒவ்வொரு சீட்டா எடுக்கறப்ப, இவன் பேரு வரணும், இவன் பேரு வரணும்னுதான் மனசுல சொல்லிக்கினு எடுத்தேன். இவன்தான் ரொம்ப நலிஞ்சிருந்தான், இவனுக்குத்தான் மொதல்ல வேணும்னு. அஞ்சாவது சீட்டும் வேற பேராத்தான் வந்துச்சி." அவர் முனுசாமியைப் பார்க்காமல் தட்டையே பார்த்துப் பேசினார். "நான் ஆசப்பட்டது நடந்திருந்தா இவனக் கொன்னிருப்பேன். நீ எனக்குத் தட்டு கொண்டாந்துட்ட. அந்த ட்ராலிக்காரன் வூட்டுக்கு எவன் கொண்டுபோவான்?"

கம்பவுண்டரம்மா கதவருகில் நின்றிருந்தார். கதவை அகலத் திறந்துவிட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். எங்கள் லைனுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். முனுசாமி வலது பக்கம் திரும்பினான். நான் ஒன்றும் கேட்காமல் பின்னால் போனேன். ட்ராலிக்காரன் வீட்டு வாசலில் இரண்டு பெண் குழந்தைகள் புழுதியில் விளையாடிக்கொண்டிருந்தன. அவன் மனைவி எட்டிப் பார்த்து, தட்டைப் பார்த்து, எங்களைப் பார்த்தாள்.

"யாரு நீங்க? இன்னாத்துக்கு இது?"

முனுசாமிதான் சொன்னான்.

"சீட்டு எடுத்தாங்களேக்கா... அதுல நானும் இருந்தேன்."

அவள் கதவை விட்டு விலகி, உள்ளே வர வழி விட்டாள்.